ஓரியண்டேஷன் நடத்துகிற ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மும்பை புறநகர்க் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது வருடமாக வணிகவியல் சொல்லித் தருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், "மேடம், இந்தத் தடவை ஓரியண்டேஷன் நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்கள். புது மாணவர்களை வரவேற்றுக் கல்லூரியை அறிமுகப்படுத்துகிற நிகழ்ச்சி அது, திங்கட்கிழமை. ஹால், மைக், முதல்வர் உரை, வாசலில் என்எஸ்எஸ் பிள்ளைகள், எல்லாம் சரியாகத்தான் ஏற்பாடு செய்தேன்.

அன்று மதியம் தாராவியிலிருந்து வந்த ஒரு பெண், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள், நான் தமிழ் என்று தெரிந்துகொண்டு தயங்கித் தயங்கி வந்து கேட்டாள்: "டீச்சர், அப்பாவோட சாதிச் சான்றிதழ் திருநெல்வேலில வாங்கினது, ஃபீஸ் சலுகைக்கு இது செல்லுமா?" எனக்குத் தெரியாது. ஆபீஸில் போய்க் கேள் என்று அனுப்பிவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில் வருகை குறைந்தவர்களின் டிஃபால்டர் லிஸ்ட் ஒட்டியபோதுதான் அவள் பெயரைத் திரும்பப் பார்த்தேன், அதற்குள் அவள் வருவதையே நிறுத்தியிருந்தாள்.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வெளிமாநிலச் சாதிச் சான்றிதழ் இங்கே மாநில அரசின் சலுகைக்குச் செல்லாது, எஸ்சி என்றால் 10-8-1950க்கு முன்பிருந்தே, ஓபிசி என்றால் 13-10-1967க்கு முன்பிருந்தே குடும்பம் மகாராஷ்டிராவில் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் தாத்தா காலத்துக் காகிதத்தைத் தேடி அலைவது என்ன பாடு என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கே எனக்கு இது தெரிந்திருந்தால், ஃபீஸைத் தவணையில் கட்டவாவது முதல்வரிடம் பேசியிருப்பேன்.

புது மாணவர்களை வரவேற்கவென்று 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 'தீக்ஷாரம்ப்' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. தொழில்நுட்பக் கல்லூரிகளைக் கவனிக்கிற ஏஐசிடிஇ, பொறியியல் மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகம் வேண்டும் என்கிறது, அதை நடத்துகிற ஆசிரியர்களுக்கு மனித விழுமியங்கள் பற்றிய பயிற்சியும் கொடுக்கிறது. கலை, வணிகக் கல்லூரிகளில் எங்களுக்கு என்ன இருக்கிறது? கல்லூரி ஆசிரியர்களுக்கென்று 2023-ல் தொடங்கிய மாளவியா மிஷன் பயிற்சியில் எட்டுத் தலைப்புகள், அதில் மாணவர் பன்முகத்தன்மை ஒன்று, நல்லதுதான். ஆனால் முதலாண்டு மாணவரைப் படிப்பில் நிலைக்க வைப்பது எப்படி என்பதற்குத் தனித் தலைப்பு இல்லை. அமெரிக்காவில் தென் கரோலினா பல்கலைக்கழகம் 1970 மாணவர் கலவரத்துக்குப் பிறகு, 1972-ல் முதலாண்டு மாணவர்களுக்கென்றே ஒரு பாடம் தொடங்கியது. அதை எடுக்கப்போகிற ஆசிரியர்களுக்கும் பயிற்சி வைத்தார்கள். நாம் அந்தப் பாதியை விட்டுவிட்டோம்.

ஒரு வாரம் போதும். ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிற மாநில அரசின் மஹாடிபிடி தளத்தில் எங்கே சிக்கும், 2024 முதல் வந்த மேஜர் (முதன்மைப் பாடம்), மைனர் (துணைப் பாடம்), ஓப்பன் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) குழப்பத்தை வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு எப்படிப் புரிய வைப்பது, செமஸ்டர் கடைசி வரை காத்திருக்காமல் மூன்றாவது வாரமே வருகைப் பதிவேட்டைப் பார்த்து யாரைக் கூப்பிட்டுப் பேசுவது, கூப்பிட்டால் முதல் கேள்வியாக "ஏன் வரல?" என்று அதட்டாமல் எப்படி ஆரம்பிப்பது, இதெல்லாம் சொல்லித் தரக்கூடியவைதான். வரவேற்க நிற்கும் இரண்டாமாண்டு மாணவர்களுக்கும் ஒரு நாள் வேண்டும், புதுப் பிள்ளைகள் எங்களை விட அவர்களிடம்தான் மனம் விட்டுப் பேசுகிறார்கள். பயிற்சி பெற்றவரையே மூன்று வருடமாவது அந்தப் பொறுப்பில் விட்டு, வாரத்துக்கு நாலு லெக்சரைக் குறைத்துக் கொடுக்கவும் வேண்டும். வருடத்துக்கு ஒருவர் மாறினால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து தடுமாற வேண்டியதுதான்.

இன்னொன்று, மூன்றாவது மெரிட் லிஸ்டில் சேருகிறவர்கள் வரும்போது ஓரியண்டேஷனே முடிந்து போயிருக்கும். என் வகுப்பில் பாதியில் நின்றவர்களில் பலர் அப்படித் தாமதமாக வந்தவர்கள்.

அதனால் இந்த வருடம் மூன்றாவது லிஸ்டுக்கு அப்புறம் எங்கள் கல்லூரியில் இன்னொரு நாள் வைக்கிறோம், முதல்வர் சம்மதித்துவிட்டார். ஸ்காலர்ஷிப் கிளார்க் அன்று முழுக்க ஹாலிலேயே உட்காருவார், தமிழும் மராத்தியும் பேசுகிற மாணவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். மற்ற கல்லூரிகளில் இந்தப் பொறுப்பில் இருக்கிற தமிழ் ஆசிரியர்களும் தங்கள் முதல்வரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வணிகவியல் விரிவுரையாளர்,
ஆன்டாப் ஹில், மும்பை