பூட்டிய பள்ளிக்கூடத்தை நடத்திக் காட்டியவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், பெற்றோருக்கும், அண்ணன் அக்காமார்களுக்கும் வணக்கம்.

கொரோனாவால் 2020 மார்ச் நடுவில் மூடிய நம்ம பள்ளிக்கூடம் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. தீபாவளி முடியட்டும் என்று பாதிப் பேர் வரவில்லை, அப்புறம் மழை லீவு, ஆகவே இப்போதுதான் வகுப்புகள் நிரம்பத் தொடங்கியிருக்கின்றன. 19 மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆன்லைன் வகுப்பு நடத்தினீர்களா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் போன் பார்த்தது பாதி வேலை. மீதியைப் பார்த்தவர்கள் யார் யார் என்று எழுதிவைக்க வேண்டும் போல் இருந்தது.

முதலில் நம்ம கேபிள் அண்ணன். பாடம் கல்வித் தொலைக்காட்சியில் வரும் என்று அரசு சொல்லிவிட்டது, அரசு கேபிளில் 200ஆம் நம்பர். சரி, டிவி எல்லார் வீட்டிலும் இருக்கிறது, கனெக்‌ஷனுக்குப் பணம் கட்டத்தான் ஆள் இல்லை. பீடிக் கம்பெனியில் இலையும் தூளும் வராமல் வேலை நின்றது, தறியும் ஓடவில்லை, அப்போது கேபிள் காசு யார் கொடுப்பார்கள்? நான் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன். "காசு கெடக்குது வுடுங்க டீச்சர், புள்ளைங்க பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே பிடுங்கிய இணைப்புகளையெல்லாம் மறுபடி மாட்டிக்கொடுத்தார். எந்த வகுப்புக்கு எத்தனை மணிக்குப் பாடம் என்கிற அட்டவணையை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியதும் அவர்தான். கிழிந்தால் திரும்ப ஒட்டுவார்.

அப்புறம் ராத்திரி வகுப்பு. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது புரியாது. ஒரு வீட்டில் ஒரு போன், அது அப்பாவுடைய போன், அது அவருடனே தறிக்கோ குடியாத்தம் மார்க்கெட்டுக்கோ போய்விடும். பகல் பத்து மணிக்கு வகுப்பு என்று வைத்தால் யார் வருவார்கள்? அதனால்தான் பாடத்தைக் குரல் பதிவாக அனுப்பி, பிள்ளைகள் ராத்திரி சாப்பிட்ட பிறகு கேட்கிற மாதிரி மாற்றினோம். அலுத்து வந்த மனிதர் போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது சின்ன விஷயமில்லை. அந்த அப்பாமார்களுக்கு நன்றி. ரீசார்ஜ் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் தன் போனைக் கொடுத்தவர்கள் இருக்கிறீர்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

பீடி சுற்றும் அம்மாக்களைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்த மடலே வீண். மடியில் முறம், கை பாட்டுக்கு இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும், எதிரே பிள்ளை வாய்ப்பாடு சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மா, பையன் தடுமாறும் இடத்தை அவன் குரலை வைத்தே கண்டுபிடித்து "திருப்பிச் சொல்லு" என்று அதட்டியதை ஒரு குரல் பதிவின் பின்னணியில் கேட்டேன். அந்தப் பதிவை இன்னும் அழிக்கவில்லை.

போனும் டிவியும் எட்டாத வீடுகளுக்குப் பயிற்சித்தாளைக் கொண்டுபோனது ஷேர் ஆட்டோத் தம்பி. கொல்லைமேட்டு வீடுகளில் சிக்னலே கிடையாது, எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் இதே கதைதான். திங்கட்கிழமை தாள் போகும், சனிக்கிழமை அண்ணாச்சி கடைக்கு எழுதி முடித்துத் திரும்பி வரும். கடையில் எண்ணெய் டின்னுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்ததால் சில தாள்களில் எண்ணெய்க் கறை இருக்கும், அதற்கும் சேர்த்தே மதிப்பெண் போட்டேன்! சத்துணவு அரிசி பருப்பும், பிறகு முட்டையும் கொடுத்த நாட்களில் சத்துணவு அக்கா ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா, யாராவது வேலைக்குப் போகிறார்களா என்று விசாரித்து எனக்குச் சொல்வார். தீப்பெட்டி ஒட்டப் போய்விட்ட இரண்டு பிள்ளைகளின் விவரம் அப்படித்தான் தெரிய வந்தது. ஊராட்சித் தலைவரும் பஞ்சாயத்து கிளார்க்கும் அந்த வீடுகளுக்கு என்னோடு வந்தார்கள். ஒரு பிள்ளை திரும்பிவிட்டது. இன்னொரு வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம், அக்டோபர் 27ஆம் தேதி, மரக்காணம் பக்கத்தில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியிருக்கிறது, தன்னார்வலர்கள் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் திட்டம். நல்ல திட்டம். நம்ம தெருவில் கல்லூரிக்குப் போகும் மூன்று பெண்கள், யாரும் கேட்காமலே, போன வருடமே திண்ணையில் நாலு நாலு பிள்ளைகளாகத் தள்ளித் தள்ளி உட்காரவைத்து இதைத்தான் செய்தார்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாகூடக் கூட்டமில்லாமல் நடந்த காலம் அது, ஆளுக்கொரு பயம் இருந்தது. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த பிள்ளைகள் இப்போது இரண்டாம் வகுப்பு, பள்ளிக்கூட பெஞ்சையே இப்போதுதான் பார்க்கிறார்கள். அவர்களில் பலருக்கு அ, ஆ எழுதத் தெரிகிறது என்றால் அது அந்தத் திண்ணையின் வேலை. திட்டம் நம்ம பக்கம் வரும்போது இவர்கள் பெயரைத்தான் முதலில் கொடுப்பேன், அம்மாடிகளா, மாட்டேன் என்று சொல்லாதீர்கள்.

யார் பெயரையும் எழுதவில்லை, எழுதினால் கோபித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். யாரையாவது விட்டிருந்தால் பள்ளிக்கு வந்து சொல்லுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மேடைக்குக் கூப்பிடப் பட்டியல் போடுகிறேன், அதில் சேர்த்துவிடலாம். கேபிள் அண்ணன் மட்டும் அன்றைக்கு வெளியூர் போகிறேன் என்று இப்போதே சாக்கு சொல்கிறார், அவர் வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தலைமையாசிரியை