அத்தைக்கு: குளிர் எப்பம் விடும்னு கேட்டீங்கள்ல

அன்புள்ள அத்தைக்கு,

போன ஞாயித்துக்கிழமை போன்ல, "ஏட்டி, மாசி பாதி முடிஞ்சிட்டு, அங்க இன்னுமா பனி கெடக்கு?"ன்னு கேட்டீங்க. "ஆமா அத்தை"ன்னு சொல்லி வச்சிட்டேன். சரியா பதில் சொல்லலையேன்னு ரெண்டு நாளா உறுத்துது. அதான் எழுதுறேன். உங்க பேரன் வாசிச்சுக் காட்டுவான். நடுவுல விட்டு விட்டு வாசிச்சா அவன் காதைத் திருகுங்க.

நாங்க இருக்கிற செயின்ட் ஜான்ஸ்பரி, வெர்மான்ட் மாநிலத்துல வடகிழக்கு மூலை. ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினா கனடா எல்லை வந்துரும். நவம்பர்ல முதல் பனி விழும்போது ஊரே கல்யாண வீடு மாதிரி வெள்ளையடிச்சுக்கிட்டு நிக்கும். நானும் போட்டோ எடுத்து அனுப்பினேன்ல? இப்ப வந்து பாருங்க. ரோட்டுல போடுற உப்பும் மணலும் கலந்து, ஓரத்துல குவிஞ்ச பனியெல்லாம் அடுப்புச் சாம்பல் நிறத்துல கெடக்கு. வாசல்ல கழட்டுற பூட்ஸ்ல இருந்து நாள் முழுக்கத் தண்ணி வடியுது. வெயில் கண்ணைக் கூசும், ஆனா உடம்புல சூடு ஏறாது. டிசம்பர்ல சாயங்காலம் நாலேகாலுக்கெல்லாம் இருட்டிரும். இப்ப அஞ்சரை தாண்டியும் வெளிச்சம் இருக்கு. அது ஒண்ணுதான் ஆறுதல்.

வசந்தம்னு ஒரு வார்த்தையை நம்ம ஊர்ல யார் வாயிலயாவது கேட்டிருக்கோமா? கல்யாணப் பத்திரிகையில பொண்ணு பேரா வரும், அவ்வளவுதான். இங்க எல்லாரும் அதைப் பத்தியே பேசுறாங்க. பென்சில்வேனியாவுல ஒரு ஊர்ல, பெருச்சாளியைப் பெருசாக்கின மாதிரி ஒரு பிராணி. 1887-ல இருந்து ஒவ்வொரு பிப்ரவரி 2-ஆம் தேதியும் அதை வெளியில எடுப்பாங்க. தன் நிழலை அது பார்த்துட்டா இன்னும் ஆறு வாரம் குளிராம். நம்ம பல்லி சாஸ்திரம் தேவலாம். அது பார்த்தாலும் பார்க்காட்டியும் எங்க ஊர்ல ஏப்ரல் வரைக்கும் குளிருதான்.

ஆனா இங்க உண்மையிலேயே வசந்தம் வருதுன்னு சொல்றது பூவோ குயிலோ இல்லை அத்தை. புகை. உங்களுக்கு எழுதணும்னு தோணினதே அதனாலதான்.

மேப்பிள்னு ஒரு மரம். ராத்திரி தண்ணி உறையுற குளிரும் பகல்ல கொஞ்சம் வெதுவெதுப்பும் மாறி மாறி வந்தா, அதுக்குள்ள நீர் ஓட ஆரம்பிக்கும். ராத்திரிக் குளிர்ல மரம் நீரை உள்ள இழுக்கும், பகல்ல உருகும்போது வெளிய தள்ளும். மரத்துல துளை போட்டு ஒரு குழாயைச் சொருகி, கீழ வாளி மாட்டுவாங்க. இப்பல்லாம் பெரிய தோப்புகள்ல வாளி இல்லை, மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய். நம்ம பனை மாதிரி மரம் ஏற வேண்டாம், பாளை சீவ வேண்டாம். மாமா கேட்டிருந்தா "இதெல்லாம் ஒரு தொழிலா"ன்னு சிரிச்சிருப்பாங்க.

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு நாப்பது மரம் இருக்கு. வீட்டுக்குப் பின்னால அந்த நீரைப் பாகா காய்ச்சுற கொட்டகை. போன வருஷம் கூப்பிட்டார். உள்ள போனதும் எனக்குக் கால் ஓடலை. விறகுப் புகை, ஆவி, கொதிக்கிற இனிப்பு வாசனை. தேரிக்காட்டுல பதனி காய்ச்சுற நம்ம விடிலியில உங்க முதுகுக்குப் பின்னால உக்காந்திருக்கிற மாதிரியே இருந்தது. நம்ம பதனியை நாக்குல வச்சாலே இனிக்கும். இது வெறும் தண்ணி மாதிரி. நாப்பது லிட்டர் காய்ச்சினா ஒரு லிட்டர் பாகு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அடுப்பு எரியும்.

நுரை பொங்கி வழியப் போச்சு. தாத்தா ஒரு சொட்டு வெண்ணெயைப் போட்டார், அப்படியே அடங்கிட்டு. "எங்க அத்தை ஆமணக்கு முத்து போடுவாங்க"ன்னு சொன்னேன். அந்தக் காலத்துல பன்றிக் கொழுப்பை நூல்ல கட்டி சட்டிக்கு மேல தொங்க விடுவாங்களாம். நுரை ஏறி அதைத் தொட்டா இறங்கிருமாம். ரெண்டு பேரும் சிரிச்சோம். பதம் பார்க்க கரண்டியைத் தூக்கிப் பிடிச்சார். சொட்டுச் சொட்டா விழாம, விளிம்புல திரை மாதிரி சேர்ந்து இறங்கணும். நீங்க தண்ணியில விட்டு உருட்டிப் பார்ப்பீங்கள்ல, அதே கண்ணு அவருக்கும்.

சூடான பாகை வெளியில சுத்தமான பனி மேல ஊத்தினார், மிட்டாயா இழுபட்டுது. அதோட புளிச்ச வெள்ளரி ஊறுகாயும் தந்தார். முகம் சுளிக்காதீங்க. பதனியில மாங்காய் நறுக்கிப் போட்டு ஓலைப் பட்டையில குடிச்சவதானே நான், எனக்கு உடனே புரிஞ்சுட்டு.

இந்த வருஷம் இன்னும் புகை வரலை. பகல்லயும் உறைபனிதான். தினமும் காலையில காப்பியோட ஜன்னல்ல நிக்கிறேன். தாத்தாவும் அவர் வாசல்ல நிக்கிறார். ஆனா ஒரு சிக்கல். மரத்துல மொட்டு பருத்துட்டா நீரோட ருசி கெட்டுரும், காய்ச்சுறது அன்னைக்கோட சரி. அதனால வசந்தம் தொடங்கணும், ஆனா சீக்கிரம் வந்துரக் கூடாதுன்னு அவருக்கு. எனக்கு நாளைக்கே வந்தாலும் சரி. மரம் என்னவோ ஒண்ணுதான்.

அதுக்கப்புறமும் உடனே பூ இல்லை. சேறு. இந்த மாநிலத்துல பாதிக்கு மேல மண் ரோடு. அடியில உறைஞ்சே இருக்கும், மேல மட்டும் உருகும், தண்ணி இறங்க வழியில்லாம வண்டி அச்சு வரைக்கும் புதையும். அதுக்கே ஒரு பருவம்னு பேர் வச்சிருக்காங்க.

ஒரு வேலை இருக்கு அத்தை. பக்கத்துல மேற்கு டேன்வில்ல ஜோஸ் பாண்ட்னு ஒரு ஏரி. உறைஞ்ச ஏரி மேல ஒரு சிமெண்ட் கல்லை வச்சு, அதைக் கரையில ஓடுற கடிகாரத்தோட கட்டியிருக்காங்க. பனி உருகிக் கல் முங்கினா கடிகாரம் நின்னுரும். எந்த நாள், எந்த நேரம்னு சரியா சொல்றவங்களுக்குப் பணம். பெரும்பாலும் ஏப்ரல் பின்பாதியில முங்கும், சில வருஷம் மே வரைக்கும் இழுக்கும். உங்க பேருல ஒரு சீட்டு எடுக்கப் போறேன். காத்தை மோந்து பார்த்து மழை சொல்றவங்க நீங்க. தேதியும் நேரமும் யோசிச்சு, சீக்கிரம் சொல்லி அனுப்புங்க.

உங்க மருமக