டூசான் மேயருக்கும் இடம் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புற நகரங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். துப்பாக்கி வீரர்களுக்கும் ஷெரீப்களுக்கும் பக்கம் பக்கமாக இடமளித்த அக்கட்டுரையில், அந்த ஊர்களை ஊராக்கிய மேயர்களுள் ஒருவர் பெயர்கூட இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது. அரிசோனாவின் டூசான் நகரில் 1875ஆம் ஆண்டு மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எஸ்தேவன் ஒச்சோவாவையாவது குறிப்பிட்டிருக்க வேண்டும்.

மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் 1831இல் பிறந்த ஒச்சோவா, இளம் வயதிலேயே சரக்கு வண்டித் தொழிலைக் கற்றுத் தேர்ந்து, பின்னர் டூசானில் பெரும் வணிகராக விளங்கினார். உள்நாட்டுப் போரின்போது, 1862இல் அந்நகரைக் கைப்பற்றிய, அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென்மாநிலங்களின் படைத்தலைவர் ஹன்டர், தங்கள் தரப்புக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும், மறுத்தால் சொத்துகளை விட்டுவிட்டு ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று அவருக்குக் கெடு விதித்தார். அமெரிக்க அரசுக்கு மாறாக நடக்க மனம் ஒப்பாத ஒச்சோவா, ஒரு குதிரை, ஒரு துப்பாக்கி, சில தோட்டாக்கள் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அப்பாச்சிப் பழங்குடியினரின் தாக்குதலுக்கு அஞ்சி எவரும் தனியே செல்லத் துணியாத வழியில் ரியோ கிராண்டே ஆற்றை நோக்கித் தன்னந்தனியாகப் புறப்பட்டார். அரசுப் படை டூசானை மீட்ட பிறகே அவரால் திரும்பி வந்து தொழிலை மறுபடியும் கட்டியெழுப்ப முடிந்தது.

கல்வியில் அவர் காட்டிய அக்கறை என்னை மிகவும் கவர்ந்தது. 1871இல் ஆளுநர் சாஃபோர்டு கொண்டுவந்த பொதுப்பள்ளித் திட்டத்திற்குச் சட்டமன்றத்தில் துணைநின்ற ஒச்சோவா, மேயரான ஆண்டிலேயே நகரின் பொதுப்பள்ளிக்காகத் தம் சொந்த நிலத்தைக் கொடையாக அளித்தார். மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த இன்னொருவர் அந்நகரின் மேயராவதற்கு, அவருக்குப் பின் 2019ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும்.

1880 மார்ச்சில் முதல் ரயில் டூசானுக்கு வந்தபோது, ரயில்வே அதிபர் சார்லஸ் குரோக்கருக்கு வெள்ளியாலான தண்டவாள ஆணியை வழங்கி வரவேற்றவரும் ஒச்சோவாதான். சரக்குப் போக்குவரத்து ரயிலுக்கு மாறியதும் அவருடைய வண்டித் தொழில் நசிந்தது. செல்வமெல்லாம் கரைந்த நிலையில், 1888இல் நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் நகரில் காலமானார்.

இத்தொடரின் அடுத்த பகுதியிலேனும் இவருடைய வரலாற்றை வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்