புல்வெட்டி எஞ்சின் ஓடவில்லையா? முதலில் பெட்ரோலை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பள்ளி மைதானங்களிலும் நகராட்சிப் பூங்காக்களிலும் புல் முழங்காலைத் தொடுகிறது. கோடையிலிருந்து கொட்டகையில் கிடந்த பெட்ரோல் புல்வெட்டியை அப்போதுதான் வெளியே எடுக்கிறார்கள். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். "எஞ்சின் போச்சு" என்று முடிவு கட்டி, புதிய கார்புரேட்டருக்கோ (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) புதிய இயந்திரத்துக்கோ விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இப்படி ஒதுக்கப்படும் பல இயந்திரங்களில் எஞ்சின் நன்றாகவே இருக்கிறது. கெட்டுப்போனது டேங்கில் கிடக்கும் பெட்ரோல்.

இப்போது பங்க்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டருக்கு முதலில் போய்ச் சேருவது அந்த அடித் திரவம்தான். தினமும் ஓடும் ஸ்கூட்டரில் இது தெரியாது. மாதக்கணக்கில் நிற்கும் புல்வெட்டியில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் நுண்துளையுள்ள ஜெட்டை அடைத்து, அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். போதாததற்கு, பல புல்வெட்டிகளின் கையேடுகள் 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன. ஆகவே 30 நாளுக்கு மேல் நின்ற பெட்ரோலை யோசிக்காமல் வடித்துவிட வேண்டும். அதோடு புதுப் பெட்ரோலைக் கலப்பது வீண்.

வடித்த பிறகும் ஓடாவிட்டால் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. காற்று வரும் வழியை மூடும் சோக்கைத் திறந்துவைத்து, பிளக் இல்லாமலே ஐந்தாறு முறை கயிற்றை இழுத்தால் சிலிண்டரிலுள்ள பெட்ரோல் வெளியேறிவிடும். பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டலாம். காய்ந்திருந்தால் பெட்ரோல் மேலே ஏறவில்லை. பிளக் துவாரத்தில் அரைத் தேக்கரண்டி பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு விநாடி ஓடி நின்றால் பிளக்குக்குக் கரண்ட் சரியாக வருகிறது, கோளாறு பெரும்பாலும் கார்புரேட்டரில் என்று பொருள்.

அப்படியானால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, நடுவிலுள்ள மெயின் ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை வழியே வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். அடைப்பை எடுக்க, ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். ஊசியோ இரும்புக் கம்பியோ விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகி, எஞ்சின் கரும்புகை கக்கும். பழைய கார்புரேட்டரைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்கச் சொல்பவர்கள் பலர் இந்த ஒரு ஜெட்டைக்கூடக் கழற்றிப் பார்ப்பதில்லை என்பது வேதனை.

அந்த இரண்டு விநாடிகூட ஓடாமல், கரண்ட் வரவில்லை என்றால் முதலில் பிளக்கின் இரு முனைகளுக்கு இடையிலான இடைவெளியைப் பாருங்கள். 160 சிசி வகை எஞ்சின்களில் பொதுவாக 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். அடுத்து, கைப்பிடியிலுள்ள நிறுத்தும் லிவர். அதை முழுதாக அழுத்திப் பிடிக்காவிட்டால் கரண்ட் வராது. அதன் கேபிள் தளர்ந்திருந்தாலும் அதே கதைதான்.

யாரும் சந்தேகப்படாத ஒரு கோளாறு உண்டு. சாதாரணத் தள்ளு வகைப் புல்வெட்டியில் பிளேடு நேராக எஞ்சின் சுழற்றும் கிராங்க் தண்டில் மாட்டியிருக்கும். புல்லுக்குள் மறைந்த கல்லிலோ மரவேரிலோ பிளேடு மோதினால், தண்டையும் மேலுள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலையும் பொருத்தும் சிறிய கீ (உலோக ஆப்பு) பாதி வெட்டுப்பட்டுவிடலாம். கரண்டும் வரும், பெட்ரோலும் வரும், ஆனால் டைமிங் தப்பியிருக்கும், அதாவது தீப்பொறி சரியான நேரத்தில் விழாது. கயிறு கையை வெடுக்கென்று திருப்பி இழுத்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஃப்ளைவீலைக் கழற்றி அந்தக் கீயை மாற்றினால் போதும். தண்டு வளைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். வளைந்திருந்தால் அதை ஓட்டவே கூடாது.

இந்த வேலைகளில் அசட்டையே கூடாத இடம் ஒன்று: பிளேடுப் பக்கம் கை வைக்குமுன் பிளக்கின் மேல் மாட்டியிருக்கும் ஒயர் மூடியைக் கழற்றி ஒதுக்கிவிட வேண்டும். பிளேடைக் கையால் திருப்பினாலும் எஞ்சின் பற்றிக்கொள்ளக்கூடும். இயந்திரத்தைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால் எஞ்சினிலுள்ள ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கி, நல்ல எஞ்சினையும் ஓடாமல் செய்துவிடும்.

சீசன் முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைத்தால் மேலே சொன்னவற்றில் பாதி நேராது. இதைச் செய்ய வேண்டியவர் மைதானப் பணியாளர். அவர் கையில் கொடுக்கப்படுவதோ ஆங்கிலக் கையேடு. பல இடங்களில் அதுவும் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. பள்ளிகளும் உள்ளாட்சி அமைப்புகளும் புல்வெட்டி வாங்கும்போது தமிழில் ஒரு பக்கப் பராமரிப்புக் குறிப்பையும், உதிரியாக ஒரு பிளக், ஒரு ஏர் ஃபில்டர், இரண்டு ஃப்ளைவீல் கீ ஆகியவற்றையும் கொள்முதல் ஆணையிலேயே சேர்த்துக் கேட்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சிறு எஞ்சின் மெக்கானிக்,
கோயம்புத்தூர்