ஓமத்தை மூடி வை

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் "வயிறு பானை மாதிரி உப்பிக் கிடக்கும்மா" என்றாய். அதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. சொல்ல நினைத்ததை எழுதுகிறேன்.

ஓமம் ஒரு டீஸ்பூன் எடுத்து வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டு. நெடி மூக்கில் ஏறியதும் இறக்கிவிடு, சிவக்க விட்டால் கசந்துவிடும். உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பார், காரமாக ஒரு வாசம் வரும். அந்த வாசத்தைத் தருவது தைமால் என்கிற பொருள், வாய் கொப்பளிக்கும் மருந்து சிலவற்றிலும் அது இருக்கும். இத்தனை வருஷமும் நான் ஓமத்தைத் திறந்த பாத்திரத்தில் சுண்டச் சுண்டக் காய்ச்சித்தான் உனக்குக் கொடுத்தேன். அது தப்பு. வாசம் அடுப்படிக்குப் போனதே தவிர உன் வயிற்றுக்கு வரவில்லை. கொதிக்கிற தண்ணீரை ஒரு டம்ளர் ஊற்றி, தட்டுப் போட்டு மூடிப் பத்து நிமிஷம் வை. வடிகட்டி வெதுவெதுப்பாகக் குடி.

சாப்பிட்டபின் சோம்பு மெல்வதும் நல்லது. சுக்கு குமட்டலுக்கும் கேட்கும், ஆனால் நெஞ்செரிச்சல் இருந்தால் அளவோடு. புளித்த ஏப்பம் வருகிற நாளில் புதினாவைத் தொடாதே. இரைப்பையின் மேல்வாய் அதனால் தளர்ந்து, அமிலம் இன்னும் மேலே வரும்.

பயறு, மொச்சை சாப்பிட்டால்தான் உப்புகிறதா என்று கவனி. அவற்றிலுள்ள சிலவகைச் சர்க்கரை சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலில் இருக்கும் கிருமிகள் அதைத் தின்று வாயுவாக்கும். பெருங்காயம் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரி ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைப்பதைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு அடைப்பது போல இருந்தது. "கேஸ்தான்" என்றார், நானும் நம்பி இரண்டு தடவை ஓமத் தண்ணீர் கொடுத்தேன். சட்டை முழுக்க வியர்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதயக் குழாயில் அடைப்பு. ஒரு மணி நேரத்தை நான் ஓமத்தில் தொலைத்திருந்தேன். நெஞ்சு இறுகினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ டம்ளரைத் தேடாதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. மலம் கறுத்துப் போவது, காரணமில்லாமல் எடை இறங்குவது, இதெல்லாம் இருந்தாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

வெறும் உப்புசம்தான் என்றால் இரண்டு நாள் குடித்துப் பார்த்துவிட்டுப் போன் பண்ணு. அப்பாவிடம் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

அம்மா