எழுதியவர்களே பாடட்டும்: எங்கள் ஊர் நூலகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நம் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கத்துத் தமிழ்க் கவிஞர்களின் பாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆண்டு விழாவில் வெளியிடப்போகிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். மலையாளப் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே தமிழில் எழுதிக்கொண்டிருப்பவர்களை நினைத்துப் பார்க்க ஒரு நூலகமாவது இருக்கிறதே! ஆனால் கூட்டக் குறிப்பின் அடுத்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. குரல் வளம் கருதி, பாடல்களைக் கோயம்புத்தூர் மேடைப் பாடகர்கள் பாடுவார்களாம். எழுதியவர்களின் பெயர் அட்டையில் இடம்பெறுமாம்.

லெனார்ட் கோஹனை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். பாடகராக உலகம் அறிந்த அந்தக் கனடாக்காரர் முதலில் கவிஞர். 1934-இல் பிறந்தவர், முதல் கவிதைத் தொகுப்பு 1956-இல் வந்தது. மறு ஆண்டு, ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் கனடாவின் மாண்ட்ரீல் நகரக் கவிஞர்கள் ஆறு பேரைத் தங்கள் கவிதைகளைத் தாங்களே வாசிக்கவைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதில் கோஹனும் இருந்தார். பாட்டுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வெறும் வாசிப்பாக அவர் குரல் தட்டில் ஏறிவிட்டது. பிறகு இரண்டு நாவல்கள். பாராட்டு வந்தது, பணம் வரவில்லை. முப்பதைத் தாண்டிய பிறகே பாட்டு எழுதிப் பிழைக்கலாமா என்று நியூயார்க் பக்கம் போனார்.

அங்கே ஜூடி காலின்ஸ் என்ற புகழ்பெற்ற பாடகி அவருடைய ‘சூசன்’ பாடலைக் கேட்டு 1966-இல் தன் இசைத்தட்டில் பாடினார். அருமையாகவே பாடினார், அவர் பாடியிராவிட்டால் கோஹனின் பெயர் வெளியே தெரிய இன்னும் நாளாகியிருக்கும். ஆனால் காலின்ஸ் அதோடு நிற்கவில்லை. நீயே பாடு என்று 1967-இல் கோஹனை மேடையேற்றினார். கிட்டார் சுருதி விலகிப்போக, கோஹன் பாதிப் பாட்டில் இறங்கிவிட்டார். காலின்ஸ் அவரைத் திரும்ப அழைத்துவந்து பாட்டை முடிக்கவைத்தார். உங்கள் குழு அன்று அந்த அரங்கில் இருந்திருந்தால், ‘அம்மா, நீங்களே பாடிவிடுங்கள், அவர் பெயரை அட்டையில் போட்டுக்கொள்ளலாம்’ என்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கும்.

கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் ஜான் ஹாமண்ட் அப்படி நினைக்கவில்லை. பாடகர் பாப் டிலனை ஒப்பந்தம் செய்த அதே மனிதர்தான். அவர் கோஹனின் குரலிலேயே பதிவைத் தொடங்கி இடையில் விலக, ஜான் சைமன் என்ற தயாரிப்பாளர் பொறுப்பேற்றார். தகராறும் தொடங்கியது. பாட்டு ஒட்டுத்துணி இல்லாமல் நிற்கட்டும் என்றார் கோஹன். தந்தி வாத்தியங்களும் ஊதுகுழல்களும் சேர்ந்தால்தான் எடுபடும் என்றார் சைமன். பின்னர் கோஹன் குரலும் வாத்தியங்களும் சேர்ந்த ஒலிக்கலவையைத் திருத்த உட்கார்ந்தபோது, சேர்த்தவற்றில் சிலவற்றை எடுக்கவே முடியவில்லை. நான்கே ஒலித் தடங்கள் கொண்ட நாடாவில் அவை மற்ற ஒலிகளோடு கலந்துபோயிருந்தன. 1967 டிசம்பரில் தட்டு வெளிவந்தபோது, உள்ளே வைத்த பாடல் தாளில் கோஹன் ஒரு குறும்பு செய்தார். பாடல்களுக்கும் வாத்திய அமைப்புக்கும் ஒன்றன்மேல் ஒன்றுக்குப் பிரியம் இருந்தும், குலப்பகையால் கல்யாணம் நடக்கவில்லை என்று எழுதிவைத்தார். (‘சூசனில்’ பின்னால் வரும் பெண் குரல்கள் எனக்குப் பிடிக்கும். அந்த இடத்தில் சைமன் பக்கம்தான் நான்.)

அடுத்த தட்டை நாஷ்வில் நகரில் பாப் ஜான்ஸ்டன் தயாரித்தார். வாத்தியங்கள் குறைந்தன. நம் கச்சேரிகளில் கேட்கிற மோர்சிங்கின் உறவுக்கார வாத்தியம் ஒன்று அங்கங்கே அதிர்வதைக் கேட்கலாம். மற்றபடி அந்தத் தட்டையான, கனத்த குரல்தான். 1969-இல் வெளிவந்த அது பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. குரல் வளத் தேர்வு வைத்திருந்தால் வாசலிலேயே நிறுத்தப்பட்டிருக்க வேண்டிய குரல் அது.

கனடாக்காரர் கதை நமக்கெதற்கு என்று செயலாளர் கேட்கக்கூடும். பட்டாம்பி பக்கம் இராயிரநெல்லூர் மலையில் கல்லுருட்டிய நாறாணத்துப் பிராந்தன் என்ற பித்தனின் பழங்கதை நம் மாவட்டத்துச் சொத்து. அவனைப் பற்றிய கவிதை மலையாளிகளின் வீட்டுக்குள் புகுந்தது அதை எழுதிய கவிஞர் மதுசூதனன் நாயர் தம் குரலிலேயே சொன்ன கேசட்டால்தான். பக்கத்து மொழிக்காரர்கள் கவிஞர் வாயால் கவிதை கேட்டுப் பழகியிருக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் கீபோர்டுக்கும் எதிரொலிக்கும் பின்னால் ஒளிய வேண்டும்? கடலைக்காட்டில் வேலை செய்துகொண்டே பாட்டுக் கட்டுகிற பெண்ணுக்கு எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று தெரியும். அந்த இடைவெளியில்தான் பாதிப் பொருள் இருக்கிறது. மேடைப் பாடகர் அதை ஒரு சங்கதி போட்டு நிரப்பிவிடுவார்.

ஆகவே என் கோரிக்கை இது. ஒவ்வொருவரும் தம் பாட்டைத் தாமே பாட ஒரு வாய்ப்புக் கொடுங்கள். விருப்பமில்லாதவர்கள் வேறொருவரைத் தேர்ந்துகொள்ளட்டும். அந்தத் தேர்வும் அவர்களுடையதாக இருக்கட்டும். நூலகத்தின் மேல்மாடி அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, பள்ளி விட்ட பிறகு பதிவு செய்யலாம். வாத்தியம் சேர்த்தே தீர வேண்டுமென்றால், குரலைத் தனித் தடத்தில் பதியச் சொல்லுங்கள். இன்றைய கணினியில் அதற்குக் கூடுதல் செலவு கிடையாது. கலவை முடிந்ததும் எழுதியவருக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்பதை நீக்கிய பிறகு அட்டை அச்சுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
பாட்டு எழுதும் உங்கள் நூலக உறுப்பினர் ஒருவர்