காது இல்லாத தட்டைப் பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் ஒருவர் வாங்கிய, ஜாஸ் பியானோ கலைஞர் மக்காய் டைனரின் ‘தி ரியல் மக்காய்’ என்ற ப்ளூ நோட் இசைத்தட்டு ஒரிஜினல் பிரஸ்ஸிங்கே (முதலில் அச்சிட்ட பதிப்பே) இல்லை, பிற்காலத்துப் பதிப்பை எடுத்துத் தலையில் கட்டிவிட்டோம் என்று ஒரு பேச்சு தட்டு சேகரிப்பவர்கள் நடுவில் சுற்றி வருகிறது. உங்களில் பாதிப் பேருக்காவது அது இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். சிலர் நேராகவே கேட்டீர்கள். சிலர் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் வழக்கமாக எடுத்து வைக்கச் சொல்லும் தட்டுகளை இந்த முறை எடுத்து வைக்கச் சொல்லவில்லை. கேட்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

புகார் ஒரே வரிதான்: தட்டில் காது இல்லை. காது இல்லாத தட்டைக் கொடுத்து வாங்கியவர் காதில் பூ சுற்றிவிட்டோமாம்.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்த கதை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ப்ளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் இசை நிறுவனம் 1950களிலும் 60களின் முதல் பாதியிலும் தன் எல்பி தட்டுகளை நியூ ஜெர்சியில் இருந்த பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சிட்டு வந்தது. பாட்டு முடிந்தபின் லேபிள் வரைக்கும் வெறுமையாக ஒரு வளையம் இருக்கிறதல்லவா, அந்த ரன்-அவுட்டில் அந்த ஆலை தன் அடையாளமாகக் கூட்டெழுத்தில் ஒரு ‘பி’ போடும். தட்டைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் அது மனிதக் காது மாதிரியே தெரியும். பெயர் அப்படி வந்தது. 60களின் நடுவில் ப்ளூ நோட் லிபர்ட்டி நிறுவனத்தின் கைக்குப் போனது. 1966-ல் பிளாஸ்டிலைட்டில் அச்சிடுவது நின்று, லிபர்ட்டி ஏற்பாடு செய்த வேறு ஆலைகளுக்கு வேலை மாறியது. காதும் அத்தோடு முடிந்தது.

இப்போது ‘தி ரியல் மக்காய்’க்கு வருவோம். அது பதிவானது 1967 ஏப்ரல் 21. வெளிவந்ததும் அதற்குப் பிறகுதான். காது போடுகிற ஆலையோடு உறவே அறுந்துபோன பிறகு பதிவான இசையில் காதை எங்கே போய்த் தேடுவது? அந்தத் தட்டின் முதல் பதிப்பு லேபிளிலேயே ‘லிபர்ட்டி ரெக்கார்ட்ஸின் ஒரு பிரிவு’ என்று அச்சாகியிருக்கும். ரன்-அவுட்டில் ‘வான் கெல்டர்’ என்று ஒலிப்பதிவாளர் பெயர் முத்திரையாக இருக்கும். எங்கள் தட்டில் இரண்டும் இருந்தன. அந்தத் தட்டில் காது இருந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

இதை வாங்கியவரிடம் பொறுமையாகவே சொன்னோம். ‘ஒரிஜினல் ப்ளூ நோட் என்றால் காது இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்களே’ என்றார். எல்லாரும் சொல்வது 1966-க்கு முன்னால் வந்த தட்டுகளுக்கு. அவர் ஏற்கவில்லை. சரி, தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு பணத்தை முழுதாகக் கொடுத்தோம். ஊரெல்லாம் சுற்றுகிற பேச்சில் இந்தப் பகுதி மட்டும் எப்படியோ விட்டுப்போயிருக்கிறது. தட்டு இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிப் போனார்.

காதுக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1966-க்கு முன்னால் முதலில் வந்த ப்ளூ நோட் என்றால் நாங்களும் விளக்கைச் சாய்த்துப் பிடித்து முதலில் அதைத்தான் தேடுகிறோம். காரணம் இருக்கிறது. லிபர்ட்டி ப்ளூ நோட்டை வாங்கியபோது பழைய ‘நியூயார்க் யுஎஸ்ஏ’ லேபிள்கள் கட்டுக்கட்டாக மிச்சம் இருந்தன. அவற்றைத் தூக்கிப் போடாமல் புதிதாக அச்சிட்ட தட்டுகளில் ஒட்டித் தீர்த்தார்கள். அதனால் லேபிளை மட்டும் பார்த்தால் பழசு, ரன்-அவுட்டைப் பார்த்தால் காது இல்லை. அப்படிப்பட்ட தட்டுகளை நாங்கள் ஒருநாளும் முதல் பதிப்பு என்று விற்றதில்லை. அதே நேரம், காது இருப்பதாலேயே ஒன்று முதல் பதிப்பாகிவிடாது. கேனன்பால் ஆடர்லியின் ‘சம்திங் எல்ஸ்’ 1958-ல் வந்தது. ‘நியூயார்க் யுஎஸ்ஏ’ லேபிள் புழக்கத்துக்கு வந்ததோ 60களின் தொடக்கத்தில். ஆக, அந்த லேபிளோடு கிடைக்கிற ‘சம்திங் எல்ஸ்’ காதோடு இருந்தாலும் அது பின்னால் அச்சிட்டதுதான். நல்ல தட்டு, கேட்க அருமையாக இருக்கும், ஆனால் முதல் பதிப்பு இல்லை.

முகவரி விஷயத்திலும் இதே குழப்பம். ப்ளூ நோட் லேபிளில் முதலில் லெக்சிங்டன் அவென்யூ 767 என்று இருந்தது. 1957 வாக்கில் அது 47 வெஸ்ட் 63 ஆனது. அதிலேயே ‘என்ஒய்சி’ என்று முடிவதும் உண்டு, ‘நியூயார்க் 23’ என்று முடிவதும் உண்டு. அதற்கும் பின்னால் ‘இன்க்’ என்ற சொல்லும் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தும் சேர்ந்தன. அட்டையின் பின்புறத்தில் 43 வெஸ்ட் 61 என்று ஒரு முகவரி வரும், லேபிளில் ‘நியூயார்க் யுஎஸ்ஏ’ என்று இருக்கும். ‘அட்டை ஒரு தட்டுடையது, உள்ளே இருப்பது வேறு தட்டு’ என்று போன மாதம்கூட ஒருவர் சொன்னார். இல்லை ஐயா, அந்தக் காலத்து அட்டையும் லேபிளும் அப்படித்தான். ஒரு பக்கம் 63-ஆம் தெரு லேபிள், மறுபக்கம் நியூயார்க் லேபிள் என்று கலந்து ஒட்டிய தட்டுகளும் உண்டு. கையில் மிச்சம் இருந்ததை எடுத்து ஒட்டினார்கள். எதிர்காலத்தில் நாம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து சண்டை போடுவோம் என்று அந்த ஆலைத் தொழிலாளிக்கு எப்படித் தெரியும்!

அடுத்து ‘ஆர்விஜி’, அதாவது ரன்-அவுட்டில் வரும் ஒலிப்பதிவாளரின் முதலெழுத்துகள். ருடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டு, ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலேயே அவ்வளவு தட்டுகளைப் பதிவு செய்தவர். 1959-ல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டூடியோவுக்குப் போனார். அவர் கைப்பட வெட்டிய லாக்கரில், அதாவது ஒலியை முதலில் வெட்டும் மூலத் தட்டில், தன் எழுத்துகளைக் கீறி வைப்பார். பிறகு முத்திரையாகக் குத்தினார். இந்த எழுத்து இருந்தால் ஒலி அவர் வெட்டியது என்று நம்பலாம், அவ்வளவுதான். அந்த லாக்கரிலிருந்து எடுத்த உலோக அச்சுகளை வைத்துப் பல வருடம் கழித்தும் தட்டு அச்சிட்டார்கள். அதனால் லிபர்ட்டி காலத்தில் மறுபடி அச்சிட்ட பழைய தலைப்புகளிலும் ‘ஆர்விஜி’ அழகாக உட்கார்ந்திருக்கும். ப்ரெஸ்டீஜ் நிறுவனத்துத் தட்டுகளிலும் இதே கதை. சானி ராலின்ஸின் ‘சாக்ஸஃபோன் கொலோசஸ்’ 1956-ல் பதிவானது. முதல் பதிப்பின் மஞ்சள் லேபிளில் நியூயார்க், 446 வெஸ்ட் 50 என்று இருக்க வேண்டும். பின்னால் வந்த மஞ்சள் லேபிளில் நியூ ஜெர்சி, பெர்கன்ஃபீல்டு என்று இருக்கும். நிறம் ஒன்று, எழுத்து ஒன்று, முகவரி மட்டும் வேறு. ‘மஞ்சள் லேபிள், ஆர்விஜி இருக்கிறது’ என்று யாராவது விளம்பரம் போட்டால் முகவரி தெரிகிற மாதிரி ஒரு படம் கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள்.

கொலம்பியா தட்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேயும் ஒரு முணுமுணுப்பு கேட்டது. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959 ஆகஸ்டில் வந்தது. மோனோ எண் சிஎல் 1355, ஸ்டீரியோ எண் சிஎஸ் 8163. லேபிளில் ஆறு ‘கண்கள்’, அதாவது கண் போன்ற சின்னங்கள், இருக்க வேண்டும். அந்த லேபிள் 1962 வரை ஓடியது. தொடக்கத்தில் வந்த தட்டுகளில் இரண்டாம் பக்கத்து இரண்டு பாடல்களின் பெயர்களும் இடம் மாறி அச்சாகியிருந்தன, பிறகு திருத்தினார்கள். இதெல்லாம் பார்த்து வாங்கியவர், ரன்-அவுட்டில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணின் கடைசியில் ‘1ஏ’ இல்லை, வேறு எழுத்து இருக்கிறது, ஆகவே இது இரண்டாம் பதிப்பு என்கிறார். கொலம்பியா பெரிய நிறுவனம். ஒன்றுக்கு மேற்பட்ட ஆலைகளுக்கு அனுப்ப ஒரே சமயத்தில் பல லாக்கர்கள் வெட்டுவார்கள். ‘1ஏ’ ஒரு ஆலைக்குப் போயிருக்கும், ‘1டி’ இன்னொரு ஆலைக்குப் போயிருக்கும். எழுத்து வரிசையை வைத்துப் பிறந்த நாள் குறிக்க முடியாது. அப்புறம், அந்தப் பழைய தட்டின் முதல் பக்கம் சுருதி கொஞ்சம் ஏறிக் கேட்டால் உங்கள் டர்ன்டேபிளைத் திட்டாதீர்கள். மார்ச் மாதப் பதிவின்போது டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. 1990களில் வந்த பதிப்பில்தான் அதைச் சரிசெய்தார்கள். பழைய தட்டு என்றால் அந்தக் குறையோடுதான் வரும்.

டீப் க்ரூவ் பற்றிச் சுருக்கமாக. லேபிளில் விரல் வைத்தால் தட்டுப்படும் அந்த ஆழமான வட்டப் பள்ளம் அச்சு இயந்திரத்து டையினால் வருவது. 60களின் தொடக்கத்தில் ஆலைகள் டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியதால், ஒரு பக்கம் மட்டும் பள்ளம் உள்ள தட்டுகளும் கிடைக்கின்றன. இன்றைய மறுபதிப்புகள் சிலவற்றில் வேண்டுமென்றே அதே பள்ளத்தைப் போட்டு விற்கிறார்கள். கனமும் அப்படித்தான். இன்று 180 கிராம் தட்டு சாதாரணம், 60களின் பல தட்டுகள் அதைவிட லேசு. அட்டையில் பார்கோடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அது பின்னால் வந்ததுதான். முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் அந்த அட்டை 1963-க்கு முந்தையது இல்லை. ப்ளூ நோட் உள்ளுறையில் ‘27 ஆண்டுகள்’ என்று இருப்பதைப் பார்த்துக் கணக்குப் போடுகிறீர்கள். ப்ளூ நோட் 1939-ல் தொடங்கியது, ஆக 1966 என்று கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் உள்ளுறையை யார் வேண்டுமானாலும் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடலாம். அதை நாங்கள் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு தட்டின் வயதை லேபிள், முகவரி, ரன்-அவுட், அட்டை எல்லாம் சேர்ந்து ஒரே ஆண்டைக் காட்டுகிறதா என்று பார்த்துத்தான் நாங்கள் சொல்கிறோம். இம்பல்ஸ் நிறுவனத்துத் தட்டென்றால் லேபிளின் ஓரம் ஆரஞ்சா சிவப்பா என்று பார்ப்போம். 1965-ல் வந்த கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ ஆரஞ்சு கறுப்பு லேபிளில் இருக்க வேண்டும். சிவப்பு கறுப்பு 60களின் கடைசியில் வந்தது. வெர்வ் என்றால் எம்ஜிஎம் பெயர் லேபிளில் இருக்கிறதா என்று பார்ப்போம். நார்மன் கிரான்ஸ் 1960-ன் கடைசியில் அந்த நிறுவனத்தை எம்ஜிஎம்முக்கு விற்ற பிறகுதான் அந்தப் பெயர் வந்தது. இந்த வேலையை இத்தனை காலம் பொறுமையாகச் செய்துவந்த எங்கள் தம்பி வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மங்கிப்போன ரன்-அவுட்டை வெறும் கண்ணாலேயே படிப்பவர். போகட்டும், நன்றாக இருக்கட்டும். இந்தப் பேச்சுக்கும் அவர் போனதற்கும் சம்பந்தம் இல்லை, அப்படியும் சிலர் முடிச்சுப் போடுகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

இனி எங்கள் தட்டுகளில் ‘ஒரிஜினல்’ என்ற ஒற்றைச் சொல் இருக்காது. முதல் பதிப்பு என்று எங்களுக்கு உறுதியானால் ‘முதல் பதிப்பு’ என்றே எழுதுவோம். முதல் பதிப்புக்குச் சில வருடங்களுக்குள் அதே உலோக அச்சிலிருந்து வந்தது என்றால் ‘அந்தக் காலத்துப் பதிப்பு’. மற்றதெல்லாம் ‘பின்னாள் பதிப்பு’. இரண்டு லேபிள்களின் படமும் இரண்டு ரன்-அவுட்களின் படமும் கேட்காமலே கூட வரும். ஆள் குறைந்திருப்பதால் தட்டுகளை ஓட்டிக் கேட்காமல் பார்த்தே தரம் போடுவோம், திருப்பித் தருவதானால் 7 நாளுக்குள் தரவேண்டும்.

எங்கள் பக்கம் நின்று பேசிய வாடிக்கையாளர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தன்னிடம் இருக்கும் ‘தி ரியல் மக்காய்’ தட்டின் ரன்-அவுட்டைப் படம் எடுத்து அனுப்பி, ‘இதிலும் காது இல்லை, நான் தூக்கிப் போட்டுவிடவா?’ என்று கேட்ட நண்பரே, அன்றைக்கு நாங்கள் சிரித்தது உங்களால்தான். பல வருடமாக எங்கள் சொல்லை மட்டும் நம்பி, படம்கூடக் கேட்காமல் வாங்கிப் போகிற பெரியவர்களுக்கும், முதல் ஜாஸ் தட்டை எங்களிடம் வாங்கி இன்று எங்களுக்கே பாடம் எடுக்கிற தம்பி தங்கைகளுக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் இருப்பதால்தான் கடை நடக்கிறது.

அடுத்த பெட்டியில் ரிவர்சைடு நிறுவனத்துத் தட்டுகள் கொஞ்சம் வருகின்றன. நீல லேபிளும் உண்டு, அதற்கு முந்தைய வெள்ளை லேபிளும் ஒன்றிரண்டு உண்டு. வேண்டியவர்கள் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ரிவர்சைடு தட்டில் காது எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்